தோற்கிறதுக்கும் காசு வேணும்

போன வருடம் கண்டியில் நடந்த ஒரு தமிழ் விவாதச் சுற்றுப்போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். எட்டரைக்கு முதல் சுற்று. ஒன்பதாகப் போகிறது, எனக்குத் தந்த வகுப்பறையில் ஒரு அணிதான் உட்கார்ந்திருக்கிறது. மற்ற அணி கலஹாவையும் தாண்டி உள்ளே இருக்கிற ஒரு தோட்டப் பாடசாலையிலிருந்து வரவேண்டும். “இன்னும் அஞ்சு நிமிஷம் பார்ப்போம் அக்கா, வரல்லண்டா வோக்ஓவர் குடுத்திருவோம்” என்று ஏற்பாட்டாளர் தம்பி ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

அவர்கள் வந்தார்கள். மூன்று மாணவிகள், ஒரு மாணவன், கூட ஒரு டீச்சர். அந்தப் பாதை வளைவுகளில் ஒரு பிள்ளைக்கு வாந்தி வந்து முகம் வெளிறியிருந்தது. “முத பஸ் வரல்லீங்க மிஸ், அடுத்ததுல தொங்கிக்கிட்டு வந்தோம்” என்றாள் அணித்தலைவி. தண்ணீர் குடித்தார்கள், பேசினார்கள், ஐந்து புள்ளிகளால் தோற்றார்கள். வாதம் மோசமில்லை. மற்ற அணி சொன்னதைக் குறித்துவைத்து ஒவ்வொன்றாக உடைக்கிற பழக்கம்தான் இல்லை. அது பத்து விவாதம் பேசினால் தானாக வருகிற பழக்கம்.

முடிவைச் சொன்ன பிறகு அந்த அணித்தலைவி என்னிடம் வந்து கேட்டாள்: “மிஸ், நமக்கு அடுத்த சுற்று எத்தன மணிக்கு?”

அது நொக்அவுட் போட்டி. தோற்றால் வீட்டுக்கு. அந்தப் பிள்ளைக்கு அது தெரிந்திருக்கவில்லை. விடிய நாலு மணிக்கு எழும்பி, ஆளுக்கு ஆறு நிமிடம் பேசிவிட்டு, பத்து மணிக்கு அவர்களுடைய அந்த வருடத்து விவாதம் முடிந்துபோனது.

பின்நேரம் இறுதிப் போட்டி. மேடையில் இரண்டு பெரிய நகரத்துப் பாடசாலைகள். தலைப்பு: தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளத்தைப் பறிக்கிற கொழுந்தின் அளவோடு இணைக்க வேண்டும். நல்ல விவாதம்தான். புள்ளிவிபரம், உலகச் சந்தை, கென்யா எல்லாம் வந்தது. ஒரு கட்டத்தில் ஒரு தம்பி, “கொஞ்சம் முயற்சி பண்ணினால் இன்னும் சில கிலோ பறிப்பது பெரிய விஷயமில்லை” என்று சாதாரணமாகச் சொன்னார். எதிரணியில் யாரும் அதைத் தொடவில்லை. மழையில் கொழுந்து எப்படி இருக்கும், காய்ந்த மாதத்தில் மலையில் என்ன கிடைக்கும், தராசில் எவ்வளவு கழிப்பார்கள் என்று தெரிந்த ஒருவரும் அந்த மண்டபத்தில் இல்லை. தெரிந்த நான்கு பேரும் மதியமே பஸ் ஏறிவிட்டார்கள். அதை விட்டால் ஊருக்குள் போக பஸ் இல்லை.

அந்த இறுதிப் போட்டி எனக்கு இன்றைக்கும் மனசில் கிடக்கிறது. இதை எழுதுவதற்கும் அதுதான் காரணம்.

ஒரு அணிக்கு எவ்வளவு செலவாகும்?

விவாதம் மலிவான கலை என்று நாங்கள் எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கிரிக்கெட்டுக்கு மட்டை வேண்டும், பேண்ட் வாத்தியத்துக்கு உடுப்பு வேண்டும். பேசுவதற்கு என்ன வேண்டும், வாய் இருந்தால் போதுமே? நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகு அந்த டீச்சரோடு பேசினபோது அவர் போட்டுக் காட்டிய கணக்கைக் கேளுங்கள்.

கொழும்பில் ஒரு போட்டி என்று வைத்துக்கொள்வோம். அகில இலங்கை மட்டத்திலான தமிழ் விவாதப் போட்டிகளில் கணிசமானவை அங்கேதான் நடக்கின்றன. காலை எட்டு மணிக்கு அங்கே நிற்க வேண்டுமென்றால் தெல்தோட்டைப் பக்கத்திலிருந்து இரவு இரண்டு மணிக்காவது புறப்பட வேண்டும். அந்த நேரத்தில் பஸ் கிடையாது, வான் பிடிக்க வேண்டும். டீச்சருக்குச் சொன்ன விலை 30,000 ரூபா. நான்கு விவாதிகள், ஒரு மேலதிகப் பிள்ளை, ஒரு வழித்துணைத் தாய் என்று ஆறு பேர் பங்குபோட்டால் ஆளுக்கு 5,000. சாப்பாடு, பதிவுக் கட்டணம் வேறு.

2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த தோட்டத் தொழிலாளர் நாட்சம்பளம் 1,350 ரூபா. அதன்படி பார்த்தால் அந்த 5,000 என்பது ஒரு தாய் கிட்டத்தட்ட நாலு நாள் மலைக்குப் போய் எடுக்கிற காசு. வழித்துணைக்கு வருகிற தாய்க்கு அன்றைய பேரும் போகும். ஒரு பிள்ளை ஆறு நிமிடம் பேசுவதற்காக ஒரு குடும்பம் ஐந்து நாள் சம்பளத்தை வைக்கிறது. அதுவும் நொக்அவுட்டில்.

இது கண்ணுக்குத் தெரிகிற செலவு. தெரியாத செலவு இன்னும் இருக்கிறது. பயிற்சிக்காகப் பாடசாலை முடிந்து இரண்டு மணித்தியாலம் நிற்க வேண்டும், ஆனால் இரண்டு மணி பஸ்ஸை விட்டால் ஐந்து கிலோமீற்றர் நடை. தலைப்பைப் பற்றித் தேட டேட்டா வேண்டும், வீட்டில் இருப்பதோ ஒரு போன், அதற்கும் கிழமைக்கு ஒரு ரீலோட். பேப்பர் வாங்குகிற வீடு அந்த லயன்களில் எத்தனை? பாடசாலை நூலகத்தில் பாடப்புத்தகமும் பழைய சஞ்சிகையும்தான். பயிற்றுவிக்கிற டீச்சருக்குத் தமிழ், வரலாறு, சில நேரம் சித்திரமும் சேர்த்து வாரம் முழுக்கப் பாடம் இருக்கிறது. அவர் விவாதத்துக்குக் கொடுப்பது தன்னுடைய பின்நேரத்தை. அந்த வான் காசில் ஒரு பங்கையும் அவர்தான் தன் கையால் போட்டார்.

இதே கண்டியில் மறுபக்கத்தைப் பார்ப்போம். நூறு வருடத்தைத் தாண்டிய பாடசாலைகள் இந்த நகரத்தில் எத்தனை! பழைய மாணவர் சங்கம் இருக்கிறது. விவாதச் சங்கத்துக்கென்று ஆண்டுப் பாதீட்டில் ஒரு வரி இருக்கிறது. போட்டி என்றால் பாடசாலை பஸ் வரும். பட்டம் முடித்த பழைய மாணவர்கள் சனிக்கிழமை வந்து பழக்கிக் கொடுப்பார்கள். இதில் யாரையும் குறை சொல்ல ஒன்றுமில்லை, அப்படித்தான் ஒரு பாடசாலை இருக்க வேண்டும். ஆனால் தேசியப் பாடசாலைக்கு மத்திய அமைச்சிலிருந்து காசு, மாகாணப் பாடசாலைக்கு மாகாண சபையிலிருந்து காசு. தோட்டங்களுக்குள் இருப்பவை பெரும்பாலும் வகை 2, வகை 3 பாடசாலைகள். பணம் மேலிருந்து கீழே வர வர மெலிகிறது. மேலே இருப்பதே கொஞ்சம்தான். மொத்தத் தேசிய உற்பத்தியில் 6 சதவீதத்தைக் கல்விக்கு ஒதுக்கச் சொல்லி 2012இல் பல்கலைக்கழக ஆசிரியர்கள் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். இன்றைக்கும் நாங்கள் 2 சதவீதத்தைச் சுற்றித்தான் நிற்கிறோம்.

அரசாங்கக் காசு போதாத இடத்தைப் பெற்றோரும் பழைய மாணவரும் நிரப்புகிறார்கள். பழைய மாணவர்கள் வைத்தியர்களாகவும் வங்கி முகாமையாளர்களாகவும் இருந்தால் அந்த இடம் நிரம்பும். பழைய மாணவர்களில் பாதிப் பேர் கொழும்பில் கடைகளில் நின்றால் என்ன செய்வது?

தோல்வியின் விலை

இந்த விஷயத்தில் நான் சொல்ல நினைப்பது ஒன்றே ஒன்றுதான். காசுள்ள அணிக்கும் இல்லாத அணிக்கும் உள்ள வித்தியாசம் யார் வெல்கிறார்கள் என்பதில் தொடங்குவதில்லை. யாருக்கு எத்தனை தரம் தோற்க முடிகிறது என்பதில் தொடங்குகிறது.

என்னுடைய கதையையே சொல்கிறேன். நான் படித்தது கண்டி நகரத்துப் பாடசாலையில். பத்தாம் ஆண்டில் விவாத அணிக்குள் வந்தேன். முதல் வருடம் நான் பேசிய ஒரு விவாதத்திலும் நாங்கள் வெல்லவில்லை. ஒரு தரம் எழுதிவைத்த கார்ட் கை நடுங்கிக் கீழே விழுந்து, அதைப் பொறுக்கி அடுக்குவதிலேயே என் நேரம் போனது. இன்னொரு தரம் நான் எதிரணி என்பதை மறந்து சார்பணிக்கு ஒரு பொயின்ட் எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் நடுவர் ஏதாவது சொல்வார், அடுத்த கிழமை அதைத் திருத்துவோம். பக்கத்துப் பாடசாலையோடு சிநேகபூர்வ விவாதம், பிறகு கம்பளையில் ஒன்று, பிறகு கொழும்பில். அம்மாவிடம் வான் காசு கேட்டால், முணுமுணுத்துக்கொண்டு என்றாலும், தருவார். இரண்டாம் வருடம்தான் முதல் தரம் கால் இறுதிக்குப் போனோம். அன்றைக்கு மேடையில் நான் பேசியதைப் பார்த்தவர்கள் “பிள்ளைக்கு நல்ல திறமை” என்றார்கள். திறமை இல்லை, பதினைந்து தோல்வி. அந்தப் பதினைந்துக்கும் என் வீட்டில் காசு கட்டினார்கள்.

அந்தக் கலஹாப் பக்கத்து அணித்தலைவிக்குக் கிடைத்தது வருடத்துக்கு ஒரு தோல்வி. என்னுடைய பதினைந்தை அவள் சேர்க்க வேண்டுமென்றால் ஆறாம் ஆண்டில் தொடங்கி உயர்தரம் முடிந்தும் முடியாது. ஒரு தரம் விழுந்த பிள்ளையைப் பார்த்து “நீச்சல் வராது” என்று தண்ணீரை விட்டு வெளியே எடுப்பது போலத்தான் இது. பிறகு நாங்களே சொல்வோம், “தோட்டப் பாடசாலைகள் விவாதத்துக்கு அவ்வளவு ஆர்வம் காட்டுவதில்லை” என்று.

இன்னொன்றும் இருக்கிறது, நடுவர்களாகிய எங்களைப் பற்றியது. மொழிநடைக்கு என்று புள்ளித்தாளில் ஒரு கட்டம் இருக்கும். மலையகத்துப் பேச்சு வழக்கில் ஒரு பிள்ளை “நம்ம” என்று சொன்னால் பேனா தயங்குகிறது. நகரத்துப் பிள்ளை “அப்ஸலூட்லி” என்று சொன்னால் அது தயங்குவதில்லை. எந்தத் தமிழ் நல்ல தமிழ் என்று எங்கள் காதுக்குப் பழக்கியதும் மேடைகள்தான். அந்த மேடைக்கு வராதவர்களின் தமிழ் எங்கள் காதுக்கு எப்படிப் பழகும்?

“கணக்கு சேரே இல்ல, விவாதம் எதுக்கு?”

இதை எழுதப் போகிறேன் என்று நண்பர்களிடம் சொன்னபோது வந்த முதல் கேள்வி இது. நியாயமான கேள்வி. கணித, விஞ்ஞான ஆசிரியர் இல்லாத பாடசாலைகள் இருக்கின்றன. மழைக்கு ஒழுகுகிற கூரைகள் இருக்கின்றன. அதையெல்லாம் விட்டுவிட்டு விவாத அணிக்கு வான் பிடிப்பதா?

என் பதில் இரண்டு. முதலாவது, இந்தக் கேள்வியை நகரத்துப் பாடசாலையிடம் யாரும் கேட்பதில்லை. அங்கே கணக்கும் இருக்கலாம், விவாதமும் இருக்கலாம், நீச்சல் தடாகமும் இருக்கலாம். ஏழைப் பிள்ளைக்கு மட்டும்தான் ஒன்றைத் தெரிவுசெய் என்று சொல்கிறோம்.

இரண்டாவது, அந்தக் கணக்கு சேரைக் கேட்டு வாங்குவதற்கும் யாராவது பேச வேண்டும். அந்த டீச்சர் ஒரு விஷயம் சொன்னார். போட்டிக்குத் தயாராகும்போது பிள்ளைகள் காலை பஸ்ஸைப் பற்றி வகுப்புக்குள் ஒரு விவாதம் வைத்தார்களாம். முடிந்ததும் அணித்தலைவியே உட்கார்ந்து, எத்தனை பிள்ளைகள் எந்தச் சந்தியில் ஏறுகிறார்கள், பஸ் எத்தனை நாள் பிந்தியது என்று கணக்கெடுத்து, பஸ் ஓடுகிறவர்களுக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறாள். பஸ் இன்னும் மாறவில்லை. ஆனால் அந்தக் கடிதத்தில் இருந்தது நல்ல முதலாம் விவாதியின் உரை. பிரச்சினை இது, ஆதாரம் இது, செய்ய வேண்டியது இது.

மலையகத்தில் பேச்சுக்கு இருக்கிற அர்த்தம் வேறு. இந்த மக்களுக்காக மற்றவர்கள் பேசியதும், இவர்கள் இல்லாமலே முடிவெடுத்ததும் நீண்ட கதை. 1948 பிரஜாவுரிமைச் சட்டம் வந்ததும் 1947இல் வாக்களித்த மக்களில் மிகப் பெரும்பாலானோருக்கு 1952 தேர்தலில் வாக்கு இல்லை. எஞ்சியிருந்தவர்களின் பிரஜாவுரிமைப் பிரச்சினையைத் தீர்க்க 2003இல்தான் சட்டம் வந்தது. 1945இல் இலவசக் கல்வி வந்தது என்று பெருமையாகப் படிக்கிறோம், தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது 1970களில். இன்றைக்கும் நாட்சம்பளம் பற்றிய பேச்சு நடக்கும்போது மேசையைச் சுற்றி இருப்பவர்களில் கொழுந்து பறித்த கை எத்தனை? நாங்கள் நடத்துகிற பாடசாலைப் போட்டியின் இறுதி மேடையும் அதே மாதிரி இருந்தால், அந்தப் பழைய மேசைக்கு அடுத்த தலைமுறை ஆட்களை நாங்களே பழக்கிக் கொடுக்கிறோம் என்றுதான் அர்த்தம்.

பேச்சு அந்த ஊர்களுக்குப் புதிதும் இல்லை. 1930களில் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளரைச் சங்கமாக்கப் பேச்சையும் எழுத்தையும்தான் கையில் எடுத்தார். அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் பாட்டுக் கட்டிப் பாடியே கூட்டம் சேர்த்தார். மே தின மேடையையும் தொழிற்சங்கக் கூட்டத்தையும் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு வாதம் செய்யத் தெரியாது என்பது நடக்கிற காரியமா?

மற்ற இடங்களில் எப்படிச் செய்தார்கள்?

இந்தப் பிரச்சினை எங்களுக்கு மட்டும் வந்ததில்லை. அமெரிக்காவில் பாடசாலை விவாதம் ரொம்ப காலம் வசதியான பாடசாலைகளின் விளையாட்டாக இருந்தது. 1985இல் அட்லாண்டாவில் எமரி பல்கலைக்கழகத்தின் விவாதக்காரர்கள் நகரத்தின் ஏழைப் பகுதிப் பாடசாலைகளுக்குப் போய்ப் பழக்கத் தொடங்கினார்கள். அதுதான் ‘நகர விவாத லீக்’ என்கிற முயற்சியின் தொடக்கம். 1990களின் பிற்பகுதியில் ஜோர்ஜ் சோரோஸின் அறக்கட்டளை பணம் போட, அது சிகாகோ உட்படப் பல நகரங்களுக்குப் பரவியது. சிகாகோ லீக்கில் பேசிய மாணவர்களை ஆய்வு செய்தவர்கள், அவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக உயர்நிலைப் பள்ளியை முடிக்கிறார்கள் என்று கண்டார்கள். விவாதத்துக்கு வருகிற பிள்ளை ஏற்கெனவே கொஞ்சம் உற்சாகமான பிள்ளையாக இருக்கும் என்பதையும் சேர்த்துத்தான் இதைப் பார்க்க வேண்டும். ஆனாலும் பாடசாலையை விட்டு இடையில் விலகுவது பெரிய பிரச்சினையாக இருக்கிற எங்கள் மலையகத்துக்கு இது சின்னச் செய்தியில்லை.

எனக்கு இன்னும் பிடித்த கதை 2015இல் நடந்தது. நியூயோர்க் மாநிலத்தில் ஒரு உயர் பாதுகாப்புச் சிறைச்சாலையில் பார்ட் கல்லூரியின் பாடநெறியைப் படிக்கிற கைதிகளின் அணி, ஹார்வர்ட் பல்கலைக்கழக அணியை விவாதத்தில் தோற்கடித்தது. அவர்களுக்கு இணையம் கிடையாது. புத்தகம் கேட்டால் அனுமதி கிடைத்து வந்து சேர நாட்கள் போகும். இந்தச் செய்தி வந்தபோது எல்லாரும் பகிர்ந்தது ஒரே கருத்தைத்தான்: “பார்த்தீங்களா, மனசு இருந்தா வசதி தேவையில்லை!”

அது தப்பு. அந்த அணிக்கு ஒரு கல்லூரி பின்னால் நின்றது, வருடக்கணக்காகப் பழக்கிய ஆசிரியர்கள் இருந்தார்கள். அதைவிட முக்கியம், கைதிகள் ஹார்வர்டுக்குப் போகவில்லை. ஹார்வர்ட் அணி சிறைக்கு வந்தது. போக முடியாதவர்களிடம் மற்றவர்கள் வந்தார்கள். கலஹாவுக்கு அப்பால் இருக்கிற பிள்ளைகள் சிறையில் இல்லை, ஆனால் அவர்களிடம் வந்து விவாதம் பேசிய நகரத்துப் பாடசாலையை நான் இன்னும் பார்க்கவில்லை.

“இப்போதுதான் சூம் இருக்கே” என்பார்கள். 2020, 2021இல் அதையும் பார்த்தோம். இணைய வகுப்புக்காகப் பிள்ளைகள் மலையுச்சிக்கும் மரத்துக்கும் ஏறிய செய்திகள் வந்த காலம் அது. பயிற்சிக்கு சூம் உதவும், நான் மறுக்கவில்லை. ஆனால் தொகுப்புரை பேசும்போது லைன் வெட்டுப்பட்டால் புள்ளியும் வெட்டுப்படுகிறது.

எங்களால் செய்யக்கூடியது

அரசாங்கம் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. அமைச்சு நடத்துகிற தமிழ் மொழித் தினப் போட்டியில் விவாதமும் இருக்கிறது. கோட்டம், வலயம், மாகாணம் என்று மேலே போகிற அமைப்பு அது, தோட்டப் பாடசாலைகளையும் தொடுகிறது. அதற்குப் போக்குவரத்துக் காசை முறையாக ஒதுக்கினாலே பாதிப் பிரச்சினை தீரும். அதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் போட்டிகளில் இன்னொரு பெரிய பங்கை நடத்துவது பல்கலைக்கழக மாணவர்களும் பாடசாலை மன்றங்களும்தான், அதாவது எங்கள் வயது ஆட்கள். அதில் மாற்றத்துக்கு எந்த அமைச்சரின் கையெழுத்தும் தேவையில்லை.

நொக்அவுட்டை முதல் சுற்றிலேயே வைப்பதை நிறுத்துவோம். வருகிற ஒவ்வொரு அணிக்கும் குறைந்தது மூன்று விவாதமாவது கிடைக்க வேண்டும். பிறகு வெளியேறட்டும். உலகப் பாடசாலை விவாதப் போட்டியிலும் எல்லா அணிகளும் ஆரம்பச் சுற்றுகள் முழுவதையும் பேசிய பிறகுதான் நொக்அவுட் வருகிறது. அறையும் நடுவரும் கொஞ்சம் கூட வேண்டும், அவ்வளவுதான்.

போட்டியின் பாதீட்டைத் திறந்து பார்ப்போம். பிரதம விருந்தினருக்குப் பொன்னாடை, சிறப்பு விருந்தினருக்கும் பொன்னாடை, மாலை, பெரிய பேனர், ஆளுயரக் கேடயம், எல்லா நடுவருக்கும் கண்ணாடிப் பெட்டியில் நினைவுச்சின்னம். என் அறையிலும் அப்படி மூன்று நினைவுச்சின்னம் தூசி பிடித்துக் கிடக்கிறது. அதன் விலையில் ஒரு பிள்ளையின் பஸ் காசு இருந்தது. அனுசரணை கேட்டுப் போகும்போது “கேடயத்துக்கு” என்று கேட்காமல் “இரண்டு பாடசாலைக்கு வான் செலவு” என்று கேட்டுப் பார்ப்போம். வகை 2, வகை 3 பாடசாலைகளிடம் பதிவுக் கட்டணம் வாங்கவே வேண்டாம். காசைக் கொடுக்கும்போது படம் எடுத்துப் போட வேண்டாம். நகரத்து அணிக்கு வருகிற பாடசாலை பஸ்ஸை யாரும் படம் எடுப்பதில்லை.

போட்டியையே கொண்டுபோவோம். புசல்லாவையில் ஒரு சுற்று, தெல்தோட்டையில் ஒரு சுற்று, மடுல்கலையில் ஒரு சுற்று. பாடசாலை பஸ் இருப்பவர்கள் மலையேறி வரட்டும். இலங்கையின் முதல் தேயிலைத் தோட்டம் என்று 1867ஐப் பாடப்புத்தகத்தில் மனப்பாடம் பண்ணிய பிள்ளைகள், அந்த லூல்கந்துரை இருக்கிற பக்கத்துக்கு வந்து, அங்கேயுள்ள பாடசாலையில் நாட்சம்பளத்தைப் பற்றி விவாதம் பேசட்டும். “இன்னும் சில கிலோ பறிப்பது பெரிய விஷயமில்லை” என்ற வசனத்தை அங்கே சொன்னால் முன்வரிசையில் இருக்கிற ஒருத்தி கை தூக்குவாள்.

கடைசியாக, பேராதனையில் படிக்கிற எங்களுக்கு. கலஹா வீதி எங்கள் வளாகத்துக்குள்ளால்தான் போகிறது. கலஹா சந்தியில் நின்று பிளேன்டீ குடிக்காத கலைப்பீட மாணவர் யார்? ‘கலஹா’ என்று போர்ட் போட்ட பஸ்ஸில் தினமும் ஏறுகிறோம், நாலு ஹோல்ட்டில் இறங்கிவிடுகிறோம். இறங்காமல் இருந்தால் கொஞ்ச நேரத்தில் அந்தப் பாடசாலைகளின் வாசல். கிழமைக்கு ஒரு பின்நேரம் இரண்டு பேர் போனால் போதும். பழைய பேப்பரைக் கட்டிக்கொண்டு போகலாம். ஒரு தலைப்பைக் கொடுத்துப் பேசவைத்து, எங்கே தோற்றார்கள் என்று சொல்லிவிட்டு, அடுத்த கிழமை திரும்பவும் போகலாம். எமரி மாணவர்கள் 1985இல் செய்தது அவ்வளவுதான்.

நாங்கள் மூன்று பேர் இந்தத் தவணையிலிருந்து போகத் தொடங்கியிருக்கிறோம். இதுவரை நான்கு கிழமை. மழையில் ஒரு கிழமை போகவில்லை, பரீட்சை வந்தால் இன்னும் சில கிழமை விடுபடும் என்று இப்போதே தெரிகிறது. அதனால்தான் ஆள் தேடுகிறேன். அந்த அணித்தலைவி இப்போது மற்ற அணி சொல்வதைக் கொப்பியில் இரண்டு பக்கமாகப் பிரித்துக் குறிக்கப் பழகிவிட்டாள். போன கிழமை எங்கள் மூன்று பேரோடும் பேசித் தோற்றாள். அதோடு அவளுக்கு ஐந்து தோல்வி. இன்னும் பத்து இருக்கிறது.

வியாழக்கிழமை பின்நேரம் ஒன்றரைக்கு, கலஹா சந்தியில் நிற்போம். பஸ் காசு போகவர எங்களுடையது.